யூபிசாஃப்ட்டில் காசில்லாமல் ஆட ஐந்து வழி: உங்கள் வீட்டு நெட்டுக்கு எது ஒத்துவரும்?

யூபிசாஃப்ட் எனும் கேம் கம்பெனியின் கடைப்பக்கத்தில் 'இலவசம்' என்ற ஒரே பலகையின் கீழ் நான்கு விதமான சரக்கு இருக்கிறது. எப்போதுமே இலவசமான கேம், மூன்று நான்கு நாளுக்கு மட்டும் திறந்துவிடும் கேம், மணிக்கணக்கு போட்டுத் தரும் டிரையல் (சோதனை ஆட்டம்), எப்போதாவது அடியோடு தூக்கிக் கொடுத்துவிடும் பழைய கேம். ஐந்தாவதாக மாதச் சந்தாவையும் சேர்த்துக்கொள்ளலாம். அது இலவசமில்லைதான். ஆனால் ஒரே மாதம் கட்டி நிறுத்திவிடுகிறவருக்கு, முழு விலை கொடுத்து ஒரு கேம் வாங்குவதை விட மலிவாக முடியும்.

எதை எடுப்பது என்று யோசிக்கும்போது எல்லோர் கண்ணும் கேமின் பெயருக்குத்தான் போகிறது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, நேரக்கணக்கு எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்பது. இலவச வார இறுதியில் நீங்கள் டவுன்லோடு செய்துகொண்டிருக்கும்போதே நேரம் கரைகிறது. மணி டிரையலில் கேமைத் திறந்த பிறகுதான் கரைகிறது. தூக்கிக் கொடுக்கும் கேமில் 'எனக்கு' என்று பொத்தானை அழுத்தத்தான் கெடு, டவுன்லோடை அடுத்த வருடம்கூட வைத்துக்கொள்ளலாம். சந்தாவில் பணம் போன நொடியிலிருந்து ஒரு மாதம். எப்போதும் இலவசமானவற்றுக்குக் கெடுவே இல்லை, கம்பெனி சர்வரை மூடும்வரை.

புதுவை லாஸ்பேட்டையில் ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டுக்கும், கடலூர் முதுநகரில் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருக்கும் வீட்டுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

முதலில் டவுன்லோடு கணக்கு

இந்தக் கம்பெனியின் பெரிய கேம்கள் பல 50, 60 ஜிபியைத் தாண்டுகின்றன. 60 ஜிபி என்றே வைத்துக்கொள்வோம். 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் 1 மணி 20 நிமிடம். 40 எம்பிபிஎஸ்ஸில் 3 மணி 20 நிமிடம். தினம் 2 ஜிபி தரும் போன் பிளானில் வேறு எதற்கும் தொடாமல் 30 நாள், அதாவது அந்த வழி அடைபட்டது. திரையில் வினாடிக்கு 12 எம்பி என்று காட்டுவதைப் பார்த்து, 100 வாங்கினேன் 12 தான் வருகிறது என்று கேபிள்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அது பைட் கணக்கு. எட்டால் பெருக்கினால் 96 வரும், இணைப்பு சரியாகத்தான் இருக்கிறது.

5ஜி அன்லிமிடெட் பிளான் வைத்திருப்பவர்கள் இரவு முழுக்க ஹாட்ஸ்பாட்டில் போட்டுவிட்டுத் தூங்குவதுண்டு. நடுராத்திரியில் சிக்னல் 4ஜிக்கு இறங்கினால் அந்த நிமிடத்திலிருந்து அன்றைய கோட்டா குறைய ஆரம்பிக்கும், விடிவதற்குள் தீர்ந்தும் போகும். போன் அமைப்பில் நெட்வொர்க்கை 5ஜிக்கு மட்டும் பூட்ட வசதி இருந்தால் பூட்டுங்கள். விண்டோஸில் அந்த வைஃபையை 'மீட்டர்டு' என்று குறித்துவிட்டால் விண்டோஸ் அப்டேட் குறுக்கே வந்து டேட்டாவைத் தின்னாது. யூபிசாஃப்ட் கனெக்ட் செயலியின் அமைப்பில், டவுன்லோடு பகுதியில், வேக வரம்பு வைக்கும் இடமும் உண்டு. வீட்டில் இன்னொருவர் ஆன்லைன் வகுப்பிலோ சீரியலிலோ இருக்கும்போது அதைப் பயன்படுத்தினால் வீட்டில் அமைதி.

எப்போதும் இலவசமானவை

இங்கே மூன்று பெயர் போதும். பிரால்ஹல்லா, டிராக்மேனியா, ரெயின்போ சிக்ஸ் சீஜ்.

பிரால்ஹல்லா 2017-இல் வந்த சண்டை கேம். மறு வருடம் அதைச் செய்த ஸ்டூடியோவையே யூபிசாஃப்ட் வாங்கிக்கொண்டது. ஒருசில ஜிபிக்குள் அடங்கிவிடும், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பிலும் ஓடும். இலவசமாக ஆடுகிறவருக்கு எல்லா வீரர்களும் கிடைப்பதில்லை. வாரம் ஒரு கும்பல் திறந்திருக்கும், அடுத்த வாரம் ஆள் மாறும். போன வாரம் பழகிய வீரர் இந்த வாரம் பூட்டியிருப்பது பழுதில்லை, ஏற்பாடே அப்படி. ஆடிச் சேர்க்கும் தங்கத்தில் ஒருவரை நிரந்தரமாக வாங்கிக்கொள்ளலாம்.

டிராக்மேனியா 2020 ஜூலை 1-இல் வந்த கார் பந்தயம். இதுவும் சின்னக் கோப்பு. 'ஸ்டார்ட்டர்' நிலை இலவசம், அதற்கு மேலே போக வருடக் கட்டணம். ஒரு சுற்று ஒரு நிமிடம்கூட இருக்காது, தோற்றால் ஒரு பொத்தானில் மறுபடி முதலிலிருந்து. பெரும்பாலும் நேரத்தோடு போட்டி என்பதால் நெட் கொஞ்சம் திக்கினாலும் ஆட்டம் கெடாது. ஹாட்ஸ்பாட்காரர்களுக்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

சீஜ் கதை வேறு. 2015 டிசம்பரில் விலைக்கு வந்த துப்பாக்கிச் சண்டை கேம், 2025 ஜூன் 10-இல் 'சீஜ் எக்ஸ்' என்று புதுப்பித்தபோது இலவச வாசலையும் திறந்தார்கள். சாதாரண ஆட்டங்கள் இலவசம். தரவரிசைக்கான 'ரேங்க்டு' ஆட வேண்டுமென்றால் பணம். கோப்பு பெரிது, நெட்டும் திடமாக இருக்க வேண்டும். நம் பக்கத்துக்கு ஒத்துவருவது சிங்கப்பூர் சர்வர். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேரடியாகவே கடலடிக் கேபிள் இருப்பதால், அந்த வழியாகப் போகும் இணைப்பில் பிங், அதாவது சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், குறைவாக இருக்கும். சில கம்பெனிகளின் இணைப்பு மும்பையைச் சுற்றிக்கொண்டு போகும், அப்போது பிங் எகிறும். கேமே வேறு ஊர் சர்வரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் திருத்தலாம். 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டருக்குள் 'மை கேம்ஸ்', அதற்குள் சீஜ் ஃபோல்டர், அதற்குள் நீளமான எழுத்தும் எண்ணும் கலந்த பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் 'கேம்செட்டிங்ஸ்' என்ற கோப்பு. அதை நோட்பேடில் திறந்தால் 'டேட்டாசென்டர்ஹின்ட்' என்று ஒரு வரி இருக்கும். மாற்ற வேண்டியது அந்த வரியை மட்டும். கோப்பிலேயே மேலே எழுதிவைத்திருக்கும் பெயர்ப்பட்டியலிலிருந்து சிங்கப்பூரைக் குறிக்கும் தென்கிழக்கு ஆசியாவை எழுத்துப்பிசகாமல் நகலெடுத்துப் போட வேண்டும்.

இந்த வகையில் ஒரு எச்சரிக்கை. ஹைப்பர் ஸ்கேப் 2020-இல் வந்தது, 2022 ஏப்ரல் 28-இல் மூடிவிட்டார்கள். எக்ஸ்டிஃபையன்ட் 2024 மே 21-இல் வந்து 2025 ஜூன் 3-இல் போயே போய்விட்டது. இரண்டும் இலவச கேம்கள், இரண்டிலும் உடை, துப்பாக்கி வண்ணம் என்று காசு போட்டவர்கள் உண்டு. எக்ஸ்டிஃபையன்ட்டில் அல்டிமேட் ஃபவுண்டர்ஸ் பேக் எனும் பெரிய தொகுப்பை வாங்கியவர்களுக்கும், மூடப்போவதாக அறிவித்ததற்கு முந்தைய ஒரு மாதத்தில் வாங்கியவர்களுக்கும்தான் பணம் திரும்பியது. புதிதாக வரும் இலவச கேமில் முதல் ஒரு வருடம் ஒரு ரூபாயும் போடாமல் ஆடுங்கள். பத்து வருடம் தாக்குப்பிடித்த சீஜ் மாதிரி ஒன்றில் போடுவது வேறு.

இலவச வார இறுதி

வழக்கமாக வியாழனில் தொடங்கி ஞாயிறு அல்லது திங்களில் முடியும். முழு கேமும் கையில் வரும். பிடித்துப் போய் வாங்கினால், அதே தளத்தில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பாதிப் பேர் கோட்டை விடுவது நேரத்தைப் படிப்பதில். அறிவிப்பில் பாரிஸ் நேரம் மாலை 3 மணி என்றிருந்தால் நமக்குக் கோடையில் 6.30, குளிர்காலத்தில் 7.30. மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறுவரை மூன்றரை மணி கூட்டுங்கள், மற்ற மாதங்களில் நாலரை. யூடிசி (உலகப் பொது நேரம்) என்று போட்டிருந்தால் வருடம் முழுக்க ஐந்தரை.

ப்ரீலோடு, அதாவது முன்கூட்டியே டவுன்லோடு செய்துவைக்கும் வசதி, சில முறை கொடுப்பார்கள், சில முறை கிடையாது. கொடுத்தால் புதன் இரவே போட்டுவிட வேண்டும். கொடுக்காவிட்டால் 40 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே உள்ளவர்கள் இதைத் தொடாமல் விடுவதே நல்லது. வியாழன் இரவு தொடங்கி, வெள்ளி பகலில் மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் போய், சனிக்கிழமை மதியம் கேம் தயாராகி, உடனே 8 ஜிபிக்கு ஒரு பேட்ச், அதாவது திருத்தக் கோப்பு, கேட்கும். மிஞ்சுவது ஞாயிறு ஒரு நாள். பராமரிப்பு மின்தடை அறிவிப்பு முந்தின நாளே உள்ளூர்ப் பக்கத்தில் வந்துவிடும், டவுன்லோடைத் தொடங்கும் முன் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சங்கடம் பருவத்தோடு வருகிறது. கேம் கம்பெனிகள் தாராளம் காட்டுவது நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும். கடலூரும் புதுவையும் புயலை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதும் அப்போதுதான். ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30-இல் புதுவை அருகேதான் கரையைக் கடந்தது, அதுவும் ஒரு சனிக்கிழமை. ஒரு நாள் நெட் போனால் நான்கு நாள் சலுகையில் கால்வாசி காலி. அந்த மாதங்களில் நாள் கணக்கில் வரும் சலுகையை விட மணிக்கணக்கில் வருவதை எடுப்பதே புத்திசாலித்தனம்.

மணிக்கணக்கு டிரையல்

எங்கள் மதிப்பீட்டில், ஒரு கேமை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க இதைவிடச் சரியான வழி இல்லை. தி க்ரூ மோட்டார்ஃபெஸ்ட்டுக்கு 5 மணி நேரம் கொடுத்தார்கள், ஸ்டார் வார்ஸ் அவுட்லாஸுக்கு 3 மணி நேரம். டவுன்லோடுக்கு ஒரு வாரம் ஆனாலும் அந்த மணி குறையாது. கரண்ட் போனாலும் குறையாது.

குறைவது வேறு இடத்தில். மெனுவில் நிற்கும் நேரம், கட்டளைப் பொத்தான்களை மாற்றும் நேரம், முதல்முறை திறக்கும்போது 'ஷேடர்' எனும் கிராஃபிக்ஸ் கோப்புகள் தயாராகும் நேரம், எல்லாம் கணக்கில் சேரும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். கேமைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. கிராஃபிக்ஸ் டிரைவரை முன்பே அப்டேட் செய்து, கன்ட்ரோலரைச் சொருகி விண்டோஸ் அதை அடையாளம் கண்டுகொண்டதா என்று பார்த்து, அதன் பிறகு தொடங்குங்கள்.

முதல் பதினைந்து நிமிடம் கதையை மறந்துவிடுங்கள். தரத்தை நடுத்தரத்தில் வைத்து, கூட்டமும் மரமும் நிறைந்த ஓர் இடத்துக்குப் போய், ஃபிரேம் எண்ணையும் (வினாடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்ற கணக்கு) லேப்டாப்பின் சூட்டையும் பாருங்கள். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் லேப்டாப் இருபது நிமிடத்தில் கொதித்து வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தொடக்கத்தில் 60 ஃபிரேம் காட்டியது 35-க்கு இறங்கினால், அந்த 35 தான் நீங்கள் வாங்கப்போகும் கேம். இந்தச் சோதனையை ராத்திரியில் செய்துவிட்டுப் பகலில் ஏமாறாதீர்கள்.

டெமோ என்பது வேறு சரக்கு. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி லாஸ்ட் கிரவுனுக்கு 2024 ஜனவரியில், கேம் வருவதற்கு ஒரு வாரம் முன்பு டெமோ விட்டார்கள். டெமோவில் ஒரு துண்டு மட்டும் இருக்கும், எத்தனை முறை வேண்டுமானாலும் ஆடலாம், கோப்பும் முழு கேமை விடச் சின்னது. ஆனால் டெமோவில் ஆடியது பெரும்பாலும் முழு கேமுக்குத் தொடராது. டிரையலில் தொடரும். டிரையல் எடுத்த கடையிலேயே கேமை வாங்கினால்தான் அதற்கு உத்தரவாதம். யூபிசாஃப்ட் கடையில் டிரையல் முடித்துவிட்டு, ஸ்டீம் என்ற வேறொரு கேம் கடையில் விலை குறைவு என்று அங்கே வாங்கினால், பழைய சேவ் (ஆடியவரை பதிந்த கோப்பு) தேடிவரும் என்று நம்ப முடியாது.

டிரையலே இல்லாத கேமுக்கு ஸ்டீமின் ரீஃபண்டு விதி ஒரு மாற்று வழி. வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணிக்குக் குறைவாக இருந்தால் பணம் திரும்பும். யூபிசாஃப்ட்டின் சொந்தக் கடையிலும் 14 நாள்தான், ஆனால் கேமை ஒருமுறைகூடத் திறந்திருக்கக் கூடாது. சோதித்துப் பார்க்க நினைப்பவருக்கு ஸ்டீம்தான். இதையே பழக்கமாக்கிக்கொண்டு வாரா வாரம் வாங்கித் திருப்பினால் ஸ்டீம் மறுத்துவிடும் உரிமை வைத்திருக்கிறது.

தூக்கிக் கொடுக்கும் பழைய கேம்கள்

2016-இல் கம்பெனிக்கு 30 வயது நிறைந்ததைக் கொண்டாட ஜூன் முதல் டிசம்பர் வரை மாதம் ஒரு கேம் கொடுத்தார்கள். 2019 ஏப்ரலில் பாரிஸின் நோத்ர்தாம் தேவாலயம் தீப்பிடித்தபோது, அந்தத் தேவாலயத்தை நுணுக்கமாக வரைந்திருந்த அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டியை ஒரு வாரம் இலவசமாக்கினார்கள். 2023 நவம்பர் கடைசியில் அசாசின்ஸ் க்ரீட் சிண்டிகேட். எபிக் என்ற இன்னொரு கேம் கடை வாராவாரம் கொடுக்கும் இலவசத்திலும் வாட்ச் டாக்ஸ், சிண்டிகேட் எல்லாம் வந்து போயிருக்கின்றன. அங்கே வியாழன் இரவு 8.30-க்கு மாறும், குளிர்காலத்தில் 9.30.

இதற்கு நெட் வேகம் தேவையே இல்லை. போன் பிரவுசரில் லாகின் செய்து பெற்றுக்கொண்டால் முடிந்தது. கேம் உங்கள் லைப்ரரியில் உட்கார்ந்திருக்கும், லேப்டாப்பே இல்லாதவர்கூட இன்று எடுத்துவைக்கலாம். ஆகவே இது மற்ற வழிகளோடு போட்டி போடும் தேர்வே இல்லை. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் எடுத்துவைக்க வேண்டியது.

ஆனால் 'நிரந்தரம்' என்ற சொல்லை அளவோடு நம்புங்கள். 2016 செப்டம்பரில் இலவசமாகக் கொடுத்த தி க்ரூ முழுக்க சர்வரை நம்பிய கேம். 2024 மார்ச் 31-இல் சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர், சும்மா பெற்றவர் இருவருக்கும் ஒரே கதி. யூனிட்டி, சிண்டிகேட் போலத் தனியாக ஆடக்கூடியவை அப்படி ஒரேயடியாக மறையாது.

புதுவைக்காரர்களுக்கு யூனிட்டியில் ஒரு கூடுதல் லாபம். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாரிஸ், குரல் மொழியை அமைப்பில் பிரெஞ்சுக்கு மாற்றலாம், கீழே வசனமும் பிரெஞ்சிலேயே ஓடும். பள்ளியில் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்த பிள்ளைகளுக்குக் காதுப் பயிற்சி. வயது வந்தோருக்கான கேம் என்பதைப் பெற்றோர் மனதில் வைத்துக்கொள்ளவும். மொழிக்கோப்பு தனியாக டவுன்லோடு ஆகலாம், இன்ஸ்டால் செய்யும்போதே தேர்ந்தெடுத்துவிட்டால் இரண்டு வேலை இல்லை.

சந்தா

யூபிசாஃப்ட் பிளஸ் என்ற மாதச் சந்தாவில் பழையவை மட்டும் உள்ள நிலையும், புதியவை சேர்ந்த நிலையும் இருக்கின்றன. பழையவை உள்ள தொகுப்பு பிளேஸ்டேஷனின் சந்தாவான பிளஸ் எக்ஸ்ட்ராவிலும், 2025 அக்டோபரிலிருந்து எக்ஸ்பாக்ஸின் சந்தாவான கேம்பாஸ் அல்டிமேட்டிலும் சேர்ந்தே வருகிறது. அவை ஏற்கெனவே இருந்தால் தனியாகக் கட்டாதீர்கள். செமஸ்டர் விடுமுறை போன்ற ஒரு முழு மாதம் கையில் இருந்து, ஆட வேண்டிய இரண்டு கேம் ஏற்கெனவே முடிவாகி இருந்தால் மட்டும் சந்தா லாபம். "கட்டிவிட்டு என்ன இருக்கிறது என்று பார்ப்போம்" என்றால் முதல் வாரம் டவுன்லோடிலேயே போய்விடும்.

கார்டில் இரண்டு இடத்தில் சிக்கும். டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பொதுவாக அணைந்தே இருக்கும், வங்கிச் செயலியில் திறக்க வேண்டும். விலை யூரோவிலோ டாலரிலோ போனால் வங்கியின் மாற்றுக் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். தானாகப் புதுப்பிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே வங்கி செய்தி அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, அந்தச் செய்தியை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். இன்னும் நல்லது, சேர்ந்த அன்றே தானியங்கிப் புதுப்பித்தலை ரத்து செய்து, கட்டிய மாதம் எந்தத் தேதிவரை ஓடும் என்று அக்கவுண்ட் பக்கத்தில் காட்டுவதைக் குறித்துக்கொள்வது.

யாருக்கு எது

காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி பக்கம் ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு: சீஜ், பிரால்ஹல்லா, கூடவே டிரையல்கள். ஒரே அறையில் இரண்டு பேர் ஒரே கேமை ஸ்டீமில் எடுத்தால் ஒருவர் டவுன்லோடு செய்தால் போதும். 2023-இல் ஸ்டீம் கொண்டுவந்த உள்வலைப் பரிமாற்றம் மற்றவருக்கு அங்கிருந்தே கொடுத்துவிடும். அமைப்பில் 'நண்பர்களுக்கும்' என்று மாற்ற வேண்டும். கல்லூரி வைஃபை கணினிகளை ஒன்றோடொன்று பேசவிடாது என்றால், சாதாரண ரூட்டர் ஒன்றை வைத்து இருவரும் அதில் இணைந்தால் வேலை நடக்கும்.

வீட்டில் ஃபைபர், கையில் ஓரளவு நல்ல லேப்டாப் என்றால் டிரையல் முதலில், ப்ரீலோடு கிடைத்தால் வார இறுதி.

ஹாட்ஸ்பாட் மட்டும் உள்ள வீட்டுக்கு டிராக்மேனியா, பிரால்ஹல்லா, சின்ன டெமோக்கள், தூக்கிக் கொடுப்பவற்றைச் சேர்த்துவைப்பது. பெரிய கேம் வேண்டுமென்றால் நெட்டை விட்டுவிட்டு ஹார்டு டிஸ்க்கைப் பிடியுங்கள். நண்பர் யூபிசாஃப்ட் கனெக்ட்டில் அதே கேமை வைத்திருந்தால், அவர் கணினியில் 'யூபிசாஃப்ட் கேம் லாஞ்சர்' ஃபோல்டருக்குள் 'கேம்ஸ்' என்பதற்குள் கேமின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை முழுதாக நகலெடுங்கள். 60 ஜிபிக்கு யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கில் பத்து நிமிடம் போல ஆகும், யூஎஸ்பி 2-இல் அரை மணிக்கு மேல். பென்டிரைவ் 'ஃபேட் 32' முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, கோப்பு மிகப் பெரிது என்று சொல்லி நிறுத்திவிடும். 'எக்ஸ்ஃபேட்' முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும்.

உங்கள் கணினியில் அதே மாதிரி 'கேம்ஸ்' ஃபோல்டருக்குள் போட்டபின், உங்கள் அக்கவுண்டில் கேமின் பக்கத்தைத் திறந்து, டவுன்லோடு பொத்தானுக்குப் பக்கத்தில் 'ஏற்கெனவே உள்ள கேமைக் காட்டு' என்ற பொருளில் இருக்கும் வாய்ப்பை அழுத்தி, கேமின் பெயருள்ள ஃபோல்டரையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு வெளியே உள்ளதையோ உள்ளே உள்ளதையோ காட்டினால் 60 ஜிபியும் முதலிலிருந்து இறங்கத் தொடங்கும். வேகம் வந்ததே என்று விடாமல் உடனே நிறுத்துங்கள். சரியாகக் காட்டினால் கோப்புகளைச் சரிபார்த்துவிட்டு விடுபட்டதை மட்டும் இறக்கும். நண்பரிடம் இருப்பது ஸ்டீம் நகல் என்றால் இந்த வழியை நம்ப வேண்டாம், அதற்கு ஸ்டீமின் பேக்கப் வசதிதான்.

எந்த வழியில் போனாலும் யூபிசாஃப்ட் அக்கவுண்ட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீமிலோ எபிக்கிலோ எடுத்தாலும் பெரும்பாலான கேம்கள் அதைக் கேட்கும். கல்லூரி கொடுத்த மெயிலில் தொடங்காதீர்கள், படிப்பு முடிந்தபின் அந்த மெயில் மூடப்பட்டால் சேர்த்துவைத்ததெல்லாம் அதோடு பூட்டிக்கொள்ளும். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள், அப்போது தரும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதிவையுங்கள். டெலிகிராமிலும் யூடியூப் கீழேயும் 'இலவசக் கீ' என்று வரும் இணைப்பு உங்களை லாகின் செய்யச் சொன்னால் மூடிவிட்டு, செயலியைத் திறந்து அதே சலுகை அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம்.